ஹேவாஹெட்டவில் ஒரு செம்புத் தண்ணீர்

கண்டிக்கு வருவோர் முதலிற் காண்பது ஏரியைத்தான். 1807-ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த அந்நீர்ப்பரப்பைக் கண்டு, இவ்வூருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் ஏது என்று எண்ணுவோர் பலர். நகரம் குடிப்பதோ ஏரி நீரையன்று. கெட்டம்பேயில் மகாவலி நீரை இறைத்துச் சுத்திகரித்து, குன்றுகளின் மேலுள்ள தொட்டிகளுக்கு ஏற்றுகிறார்கள். மின்சாரம் நின்றாலும் ஆறு சேறாகக் கலங்கினாலும் இவ்வேற்பாடு தடுமாறும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, ஆறுகள் கரைபுரண்டன. பல ஊர்களிற் குழாய்கள் வறண்டன. குடிநீருக்கு வறட்சி மட்டுமே பகையன்று என்பதை அன்று எல்லோரும் கண்டோம்.

ஆபத்துக் காலத்துக்கு நகரத்தார் முன்னரே தேடிவைத்த செல்வம் ஒன்றுண்டு. அது துனுமடலாவைக் காடு. ஒருகாலத்திற் காப்பியும் கொக்கோவும் தேயிலையும் விளைந்த தோட்ட நிலம் அது. பயிரைக் கைவிட்டு, மரங்களை அவற்றின் போக்கில் வளரவிட்டார்கள். மாநகர சபைக்குச் சொந்தமான அக்காட்டின் மடியில் இரண்டு நீர்த்தேக்கங்கள் உள்ளன. மேட்டிலுள்ள நீர் தானே இறங்கும். அதற்கு எந்திரம் வேண்டியதில்லை. வருமானம் தரும் நிலத்தைக் காடாக்கியது வியாபாரிக்கு நட்டமாகத் தோன்றலாம். நமக்கு அது பெரிய மதியூகமாகவே தோன்றுகிறது.

சென்ற பங்குனியில் ஒரு மாணவனின் அழைப்பை ஏற்று ஹேவாஹெட்டவுக்குப் புறப்பட்டோம். அம்பிட்டிய, தலாத்துஓயா வழியாகப் பஸ் மூச்சுவாங்கி ஏறியது. வளைவுக்கு வளைவு தேயிலை. இம்மலைத்தொடரிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் காப்பியை இலைநோய் அழிக்க, தேயிலை மலையெங்கும் படர்ந்தது. நகரத்தருகே தோட்டம் காடாயிற்று. இங்கே காடு தோட்டமாயிற்று.

மாணவனின் வீடு லயத்தின் கடைசி அறை. வாசலிலேயே அவன் தாயார் ஒரு செம்பு நீரை நீட்டி, "கால் கழுவிட்டு வாங்க சேர்" என்றார். நாமும் நகரத்துப் பழக்கத்தில் முழுச்செம்பையும் கால்களிற் கவிழ்த்துவிட்டோம். சின்னப்பெண் ஒருத்தி ஓடிவந்து, கல்லின் கீழ் வழிந்த நீரைத் தகரத்தில் ஏந்திக் கொச்சிக்காய்ச் செடிக்கு ஊற்றினாள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. எமக்கோ முகம் கன்றியது.

பிறகுதான் பீலியைப் பார்த்தோம். சுண்டுவிரற் பருமனில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குடங்கள் வரிசையாக நின்றன. அருகில் ஆட்கள் இல்லை. குடம் நின்றால் ஆள் நின்றதாகவே கணக்காம்! கோடையில் வீட்டுக்கு முதலில் ஒரு குடம், அதுவும் குடிப்பதற்கு. எல்லா வீடும் பெற்றபின்பே இரண்டாம் சுற்று. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முறை கிடையாது. எப்போது வந்தாலும் வழிவிட வேண்டும். துணி வெளுக்கக் கீழே ஓடைக்குத்தான் போகவேண்டும். இவற்றை எவரும் எழுதி ஒட்டவில்லை.

"இதை யார் வகுத்தார்கள்?" என்று ஒரு மூதாட்டியை வினவினோம்.

"தண்ணி இல்லாத காலம்தான் வகுத்துச்சு ஐயா" என்றார் அவர். பிறகு பீலிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் அடர்ந்து நின்ற சிறு மரக்கூட்டத்தைக் காட்டி, "அதில விறகு ஒடிச்சா என்கிட்டதான் ஏச்சு வாங்கணும்" என்றும் சொன்னார். துனுமடலாவையில் நகரத்தார் காக்கும் காட்டை, இவர் தம் வாய்ப்பலத்தினாலேயே காத்துவருகிறார்!

ஆயினும் நகரத்திற் குழாய் நின்றால் பவுசர் வரும், அறிவித்தல் வரும். பீலி நின்றுபோனால் இவர்களுக்கு யார் வருவார்கள்? இதை அவரிடம் கேட்க எமக்கு நா எழவில்லை.

திரும்பும்போது மாணவன் ஒரு போத்தல் பீலித் தண்ணீரைக் கையிற் திணித்தான். பஸ்ஸில் வாழைப்பழம் தின்று கை பிசுபிசுத்தது. போத்தலைத் திறந்தோம், மறுபடி மூடிவிட்டோம்.