மருந்துக்கு அடங்காதவை

கோலாலம்பூரில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கக் காசைக் கொட்டுகிறார்கள். கேமரன் மலைத் திரிங்காப்பில் என் அக்கா மகன் தண்ணீரைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் மலை, உப்பைக்கூடப் பொட்டலத்தில் வாங்கி, கூடத்தில் 25 டிகிரிக் கடல் ஒன்றை வைத்திருக்கிறான். கிறுக்குத்தான். ஆனால் என்னை இழுத்தது பவளம் இல்லை, அதைப் பிடித்த பீடைகள்.

பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும் தட்டைப்புழு ஒன்று. மருந்துத் தண்ணீரில் முக்கி உலுக்கினால் புழு உதிரும், முட்டை உதிராது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று ஐப்டேசியா: பழுப்பு நிறக் குட்டிக் கடற்சாமந்தி. பக்கத்துப் பவளத்தைக் கொட்டியே சாகடிக்கும். நசுக்கினால், பிய்ந்த துணுக்கு தனி ஐப்டேசியாவாக வளர்ந்து நிற்கும்.

"விடுங்க மாமா, பெர்கியா வாங்கியாச்சு" என்றான்.

ஓடில்லாத, இரண்டு சென்டிமீட்டர் கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர எதையும் வாயில் வைக்காது. தின்றதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் முதுகில் சேர்த்துவைத்துக்கொள்ளும் திருட்டு வேறு.

எனக்குப் பெரியம்மாவின் கோபிஸ் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. இலையை விரலால் சுண்டுவார். பச்சைப் புழுக்கள் பின்பக்கமாக நெளிந்து, ஆளுக்கொரு நூல் விட்டுத் தொங்கும். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம். பெரியம்மா சிரிக்க மாட்டார். நாங்கள் நகர்ந்ததும் அதே நூலில் ஏறி இலைக்குத் திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. கேமரன் மலையில் அதற்கு அடிக்காத மருந்தில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் சில வருஷத்தில் பழகிக்கொண்டது. 1970களில் டயடெக்மா என்ற குளவியை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். புழுவுக்குள் முட்டையிடும், குளவிக்குஞ்சு உள்ளிருந்தே தின்று, புழு பின்னிய கூட்டுக்குள்ளேயே தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும். வாடகைகூடக் கிடையாது. ஆனால் புழுவுக்கென்று அடித்த மருந்து குளவியைத்தான் முதலில் கொன்றது. புழுவை மட்டும் தாக்கும் பாக்டீரியா மருந்துக்கு மாறிய தோட்டங்களில்தான் குளவி தலையெடுத்தது.

பெர்கியாவுக்கு வேறு சங்கடம். வேலை சுத்தமாக முடிந்தால் பட்டினிதான். தொட்டியில் இப்போது ஒரு ஐப்டேசியாகூட இல்லை. யார் வீட்டுத் தொட்டியிலாவது பீடை இருக்கிறதா என்று ஈப்போ வரைக்கும் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறான் மருமகன்.