அடுப்பு வாரியாக

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறம். மதியப் பந்தி முடிந்துவிட்டது. அண்டாக்கள் கழுவக் கிடக்கின்றன. ராத்திரி டிபனுக்கு ஓரமாக வெங்காயம் உரிபடுகிறது. சமையல் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். எதிரே அக்கா மகள், கல்லூரியில் படிக்கிறவள், போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த முகூர்த்தத்துக்கு லிஸ்ட் போட வேண்டும்.

“பேசுங்க மாமா, ஓடுது.”

“ஐந்நூறு இலைன்னு வச்சுக்க. அரிசி அறுபது கிலோ... இரு, விடியக்காலை முகூர்த்தம்ல? டிபன் சாப்ட்டுட்டுப் பாதிப் பேரு பஸ் ஏறிடுவான். அம்பது போதும். பருப்பு பதினஞ்சு. போன வருசம் மாயவரத்துல ஒருத்தரு கேக்காம வெல்லம் இருபது கிலோ எறக்கிட்டாரு... டேய், வெங்காயம் உரிச்சாச்சா? ஆங், எங்க விட்டேன்?”

“சாம்பார்ல.”

போனைப் பார்த்துப் பேச அவருக்கு வரவில்லை. அடுப்புகளைப் பார்த்தே பேசுகிறார். முதல் அடுப்பை நோக்கிக் கை நீளும்போது சாதம், அடுத்ததில் சாம்பார், கடைசியில் பால் பாயசம். கை நகர்ந்த பிறகே பேச்சு நகர்கிறது. இடையில் கண்ணை மூடிக் கணக்குப் போடுகிறார். அப்போது மிக்சிச் சத்தம் மட்டும் பதிவாகிறது.

பேசி முடித்ததும் அவள் திரையைத் தட்டுகிறாள். போனில் இருக்கும் ஏஐ செயலிக்குள் நடப்பது இரண்டு வேலை. ஒன்று, காதில் விழுந்ததை எழுத்தாக்குவது. மற்றது, அந்த எழுத்தைப் பிரித்து அடுக்குவது. கேட்டு எழுதும் வேலைக்கென்று ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற மாடல், 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது. பேச்சுக்கு நடுவே மௌனம் நீண்டால், யாரும் சொல்லாத வாக்கியத்தைக்கூட அது எழுதிவிடுவதுண்டு என்று 2024இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாஸ்டர் கண்ணை மூடும் இடங்களும் அப்படிப்பட்டவைதான். அவளுக்கு அந்த அனுபவம் இருக்க வேண்டும். ‘சொன்னதை மட்டும் எடு, நீயாக எதையும் சேர்க்காதே, விட்டுப்போனது இருந்தால் கடைசியில் கேள்’ என்று தட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாள்.

லிஸ்ட் வருகிறது. மளிகை, காய்கறி, பாத்திர வாடகை, ஆள் கூலி என்று தனித்தனித் தலைப்பு. அரிசி 50 கிலோ என்றே இருக்கிறது, அறுபதைக் காணோம். மாஸ்டரின் புருவம் ஏறுகிறது.

“பரவால்லியே, மாத்திச் சொன்னது புரிஞ்சிருக்கே.”

அடுத்த வரியில் வெல்லம் 20 கிலோ. அதற்குக் கீழே, வெங்காயம்: உரித்தாகிவிட்டதா எனப் பார்க்கவும்.

“மாயவரத்து வெல்லம் இங்க எதுக்கு வந்துச்சு?” என்று சிரிக்கிறார். வெங்காயம் உரிக்கிறவனும் சிரிக்கிறான். அவள் இரண்டு வரிகளையும் அழிக்கிறாள். மாஸ்டர் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்கிறார். முகம் தெளியவில்லை.

“கடைக்காரனுக்கு இது சரி. எனக்கு ஆகாது. பெருங்காயம் மளிகைல கெடக்கு. அது சாம்பாருக்கு எவ்வளவு, ரசத்துக்கு எவ்வளவுன்னு நான் தேடிக்கிட்டு நிக்கணுமா? அடுப்பு வாரியாப் பிரிக்கச் சொல்லு.”

அவள் தட்டுகிறாள். அதே பொருள்கள் கலைந்து இடம் மாறுகின்றன. முதல் அடுப்பு, இரண்டாம் அடுப்பு... வளவளவென்று பேசியதாகத் தெரிந்த பேச்சுக்குள் இந்த வரிசை முன்பே இருந்திருக்கிறது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். கடைசி அடுப்புக்கு வந்ததும் அவள் நிறுத்துகிறாள்.

“கேள்வி கேக்குது மாமா. பால் பாயசம்னு சொன்னீங்களாம், பால் எவ்வளவுன்னு சொல்லலியாம்.”

மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போடுகிறார்.

“பால்காரரே வந்து கேட்டுக்கிட்டுப் போவாரு. அதான் வாயில வரல.” சொன்ன பிறகு யோசிக்கிறார். “அது நம்ம ஊர் மண்டபத்துல. இது வெளியூரு, அங்க எவன் வந்து கேக்கப்போறான்? மண்டபத்துக்காரருக்குப் போன் போடு, பாப்பா. பாயசத்துக்கு மட்டும் அறுபது லிட்டர். காபிக்கும் தயிருக்கும் தனி.”