பாட்டி அவரையும் கிலோவுக்கு முப்பது ரூபாயும்

பதிவு கொஞ்சம் நீளம். ஐந்தாம் வகுப்பில் என் பாடத்தையே பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

மூன்று வருடமாக எங்கள் வீட்டுக் காய்கறியும் பாதி அரிசியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இரண்டு ஏக்கர் நிலம். அதைப் பார்த்துக்கொள்கிறவள் என்னிடம் படித்த பெண். "பேரு போடாதீங்க டீச்சர், அப்புறம் எல்லாரும் போன் பண்ணுவாங்க" என்றாள். அதனால் பெயர் இல்லை. உங்களில் சிலருக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் சும்மா இருங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கத்திரிக்காய் கிலோ 70 ரூபாய் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, கடைத்தெருவுல 40 ரூபாய்க்குக் கிடைக்குதே, உங்களை நல்லா ஏமாத்துறாங்க" என்றான். காலையிலேயே வாக்குவாதம் வேண்டாம் என்று இட்லியை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த முப்பது ரூபாய் எங்கே போகிறது என்பதை அவனுக்கும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். படிப்பான்.

அவள் கத்திரிப் பாத்திக்குப் போனால் சில செடிகளில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அந்தச் செடிகளில் இருப்பதுதான் பார்வைக்கு ஆகச் சிறந்த காய். நான் முதல் தடவை போனபோது அதைத்தான் கேட்டேன். "அது விதைக்கு விட்டது டீச்சர், அதை மட்டும் கேக்காதீங்க" என்றாள். நோயில்லாத, நன்றாகக் காய்க்கிற செடியாகப் பார்த்து, அதன் நல்ல காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கும்வரை விட வேண்டும். பிறகு அறுத்துத் தண்ணீரில் பிசைந்து, மிதக்கும் பொக்கு விதையைக் கழித்து, அடியில் தங்குவதை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து எடுத்து வைக்க வேண்டும். அந்தக் காய் ஒன்றும் தராசுக்கு வராது. காய் முற்றிப் பழுக்க விட்ட செடியில் புதுக் காய் பிடிப்பதும் குறைந்துவிடும்.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரக விதைக்கு இந்தப் பாடு இல்லை. ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால், அடுத்த வருடம் ஒரு செடி தாயைப்போல, ஒரு செடி தகப்பனைப்போல, ஒன்று இரண்டுமில்லாமல் வரும். மெண்டலின் பட்டாணியை உயர்நிலைப் பள்ளியில் படித்திருப்பீர்களே, அதே கணக்குதான். ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். ஒட்டு ரகத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரே நேரத்தில், ஒரே அளவில், நிறையக் காய்க்கும். ஊருக்கே சோறு போட அது வேண்டும்தான். நாட்டு ரகத்தை யாராவது ஒருவர் ஒரு மூலையிலாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கத்திரியாவது பரவாயில்லை, பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும். தேனீ கலந்துவிடக் கூடாதே என்று அவள் தன்னுடைய இரண்டு கத்திரி ரகங்களையும் வயலின் இரண்டு கோடியில் வைத்திருக்கிறாள். பூசணி, சுரை வகையறாதான் தொல்லை. பூசணிப் பூ காலையில் விரியும். அதனால் முதல்நாள் சாயங்காலமே, மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் பார்த்து நூலால் கட்டிவிடுகிறாள். விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி மறுபடி கட்டுகிறாள். சுரைப் பூ அந்தியில் விரிகிற பூ, அதற்கு ராத்திரி டார்ச் லைட்டோடு போக வேண்டும். ஒருநாள் நானும் கூடப் போனேன். முழங்கால் வலிக்கு அது நல்லதில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி அவரைக் கதைக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

அவள் வீட்டில் ஒரு கொடி அவரை உண்டு. காயின் விளிம்பு ஊதாவாக இருக்கும், பொரியலுக்கு எண்ணெயே கேட்காது. வீட்டில் அதற்குப் "பாட்டி அவரை" என்று பெயர். இந்த அவரையை ஆடியில் போட்டால், எவ்வளவு உரம் வைத்தாலும் பகல் பொழுது குறைந்த பிறகுதான் பூக்கும். ஐப்பசி கார்த்திகையில் பூவெடுத்து, தை மாசிவரை காய்க்கும். கோடையில் போட்டுவிட்டு "டீச்சர், காய்க்கவே இல்லை" என்று என்னிடம் சண்டைக்கு வந்த மருமகளுக்கும் இதுதான் பதில்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. நம் பக்கத்துத் தென்னை எல்லாம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டில் கொல்லைப் பந்தல் பூவும் பிஞ்சுமாகத் தரையோடு விழுந்துவிட்டது. கூரை ஓடு பறந்து, பரணில் இருந்த விதைப் பானைக்குள் மழை இறங்கி, மிச்சம் வைத்திருந்த அவரை விதை முளைத்து அழுகிவிட்டது. செடியும் போனது, விதையும் போனது. பாட்டி அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். வீட்டை மறுபடி கட்டி எழுப்பும் கவலையில் அப்போது அவரையைப் பற்றி யார் நினைத்தார்கள்?

2020-இல் அவள் வேலையை விட்டு ஊருக்கு வந்து விவசாயம் தொடங்கிய பிறகுதான் அந்த நினைப்பே வந்திருக்கிறது. கடை விதை வாங்கிப் போட்டுப் பார்த்தாள், அது அந்த அவரை இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் நீடாமங்கலம் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருந்த பெரியம்மா வீட்டுக்கு ஒரு துக்கத்துக்குப் போனபோது, வேலியோரம் ஊதா விளிம்போடு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! பெரியம்மா கல்யாணமாகிப் போனபோது பாட்டி முந்தானையில் முடிந்து கொடுத்த விதையாம். பெரியம்மா 17 விதை எண்ணிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. எனக்கும்தான்.

திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் அவர்களை உங்களில் பலருக்குத் தெரியும். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் நின்று, மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். கஜா அடித்த மூன்றாவது வாரம், 2018 டிசம்பர் 6 அன்று காலமானார். ஆதிரங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் இருந்தது. விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பலர் அதை விதையைப் பெருக்கும் வழி என்று மட்டும் நினைக்கிறார்கள். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும் என்பதும் அதற்குள் இருக்கிறது. பெரியம்மாவின் வேலி எனக்கு அதைத்தான் காட்டியது.

உறவினர்கள் கேட்ட சில கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"இயற்கை விவசாயம் என்று சான்றிதழ் இருக்கிறதா?" அவளிடம் இப்போது இல்லை. ஐந்து விவசாயிகளாவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் அரசாங்க முறை ஒன்று உண்டு. அதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை என் சான்றிதழ் என் கண்தான். சொல்லாமல் கொள்ளாமல் நாலு தடவை போயிருக்கிறேன். பஞ்சகவ்ய நாற்றமும் வேப்பங்கொட்டைக் கரைசலும்தான் இருந்தன. கடைப் பலகையில் "இயற்கை" என்று எழுதியிருப்பதைவிட இது எனக்குப் போதும். புழு ஓட்டை இருந்தால் இயற்கை என்று நம்பாதீர்கள், மருந்தடித்த காயிலும் புழு உண்டு.

"லைசென்ஸ் இல்லாமல் விதை விற்கலாமா?" 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. இவள் பழைய நோட்டுத்தாளில் பொட்டலம் கட்டி, பென்சிலால் பெயர் எழுதித் தருகிறாள். கையெழுத்து அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே, கோழி கிளறியது போல.

"கறுப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடுமாமே?" போகாது. அதுவும் அரிசிதான். தவிடு நீக்காதது, மென்று சாப்பிட வேண்டியது, நல்லது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அண்ணா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயம். இந்த வருடம் அவள் விதைப் பாத்தியைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறாள். 70 ரூபாய் என்றதும் ஆட்கள் போய்விடுகிறார்கள். பேரம் பேசி 60 ஆக்கினால் கூலிக்குக் கை வைக்க முடியாது. குறைப்பது சிவப்புத் துணியைத்தான். "ரெண்டு கத்திரியில ஒண்ணை விட்டுடலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வசதி இல்லாதவர்கள் 40 ரூபாய்க் காயே வாங்குங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. என் ஓய்வூதியத்திலும் எல்லாம் அங்கே வாங்க முடியாது, வெங்காயமும் உருளையும் கடையில்தான். ஆனால் மன்னார்குடியிலும் சுற்றுவட்டத்திலும் வேலையில் இருக்கிற பிள்ளைகள் நாற்பது பேராவது இந்தப் பதிவைப் படிப்பீர்கள். வாரம் ஒரு கிலோ கத்திரி வாங்க முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். வாங்குவதென்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். சனிக்கிழமை காலை என் வீட்டுத் திண்ணையில் கூடை வரும், 9 மணிக்குள் வாருங்கள்.

ஆடி பிறந்ததும் பாட்டி அவரை விதை தருகிறாள். பொட்டலத்துக்கு 10 விதை, 20 ரூபாய். மாடியில் வைப்பவர்கள் பெரிய சாக்கும் பந்தலுக்குக் கயிறும் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் கொத்துக் காயில் நாலைந்தைப் பறிக்காமல் காய விடுங்கள். மாசியில் 20 விதையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தால் 20 ரூபாயைத் திருப்பித் தருகிறேன், அது என் கணக்கு. வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்புகிறேன். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே கமெண்டில் போட வேண்டாம். பின்கோடு மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்