திறவாத வாயில்

இக்காலத்து அலுவலகங்களில் கணிப்பொறிகள் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. பலவும் ஒரு வலையில் பிணைந்து, 'டொமைன்' எனப்படும் ஓர் ஆட்சிக்குள் அடங்கி நிற்கின்றன. பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து நம்மை உள்ளே விடுவது நடுவிலிருக்கும் தலைமைக் கணிப்பொறியே. அவ்வாயில் திறவாதபோது நாம் முதலில் குறை காண்பது மனிதரிடத்தில்தான்.

2012 ஆம் ஆண்டில் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இதனைக் கண்டோம். கட்டணம் செலுத்த இறுதி நாள். வெளியே மாணவர் வரிசை நீண்டிருந்தது. ஓய்வு பெறும் அகவையை நெருங்கிய எழுத்தர் ஒருவரைக் கணிப்பொறி உள்ளே விட மறுத்தது. "வயதாகிவிட்டது, மறந்திருப்பார்" என்று இளையோர் நகைத்தனர். "தம்பி, நேற்று அடித்த சொல்லைத்தான் இன்றும் அடிக்கிறேன்" என்றார் அவர், தளர்ந்த குரலில்.

"ஐயா, பக்கத்துக் கணிப்பொறியில் ஒரு முறை அடித்துப் பாருங்கள்" என்றோம். அடித்தார், வாயில் திறந்தது. பழுது அவரிடம் இல்லை என்பது அக்கணமே தெளிவாயிற்று. அங்கேயே அமர்ந்து மாணவரைக் கவனித்தார்.

நாம் பழுதைத் தேடினோம். வலைக்கம்பி செவ்வனே இருந்தது. அக்கணிப்பொறிக்கே உரிய உள்கணக்கின் வழி நுழைந்து நோக்கினோம். தலைமைக் கணிப்பொறியைக் கண்டறிய உதவும் டி.என்.எஸ். முகவரியும் சரியே. நாளோ பல்லாண்டுகள் பின்தங்கியிருந்தது!

விண்டோஸ் 2000 முதல் இவ்வாயிலைக் காப்பது கெர்பரோஸ் என்னும் நெறி. 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான இது, கிரேக்கத் தொன்மத்தில் கீழுலக வாயிலைக் காக்கும் நாயின் பெயரைத் தாங்கியது. பழைய அனுமதிச் சீட்டைக் கவர்ந்து எவரும் நுழையாதிருக்க நேரத்தையும் ஒப்பிடுகிறது. இருபுறக் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், பொதுவாக அனுமதி கிட்டாது. மின்சாரம் அற்ற பொழுதிலும் கடிகாரத்தை ஓட்டும் நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்திருந்தது. அதனை மாற்றி நேரத்தைத் திருத்தியதும் வாயில் திறந்தது.

நேரம் சரியாயினும் திறவாத வாயில்கள் உண்டு. கணிப்பொறிக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. வழக்கமாக 30 நாளுக்கொரு முறை அது தானே மாறும். பழுதடைந்த கணிப்பொறியில் பழைய படியை மீட்டு நிறுவினால், இருபுறச் சொற்களும் ஒவ்வாமற் போகலாம். அப்போது அறுந்த நம்பிக்கை உறவைப் புதுப்பித்தல் வேண்டும்.

மாலையில் இளைஞர் ஒருவர் அப்பெரியவரிடம் சென்று பொறுத்தருள வேண்டினார். மாணவச் செல்வங்களே, கருவியை ஆராய ஒரு நிமிடம் போதும்; ஆராயாது உரைத்த சொல்லைத் திரும்பப் பெறுதல் அரிது. பழி கூறுமுன் பழுதைத் தேடுங்கள்!