அப்பத்தா நடை

போன வருஷம் இறந்துபோன எங்க அப்பத்தா வரப்பில் குனிந்து நடப்பதைக் கணினியில் படமாக்க ஆசைப்பட்டேன். மேக்ஹியூமனில் உருவம் செய்தேன். நிலக்காட்சிக்கு டெராஜென் இலவசப் பதிப்பை அண்ணன் போட்டுத் தந்தான். மலையும் வானமும் அசல் மாதிரியே வந்தன. ஆனால் ஓபிஜே கோப்பில் உருவம் மட்டும்தான் போகும், எலும்புகள் போகாது. அப்பத்தா சிலை மாதிரி நின்றார். முதுகை வளைக்க முடியலை.

பிறகு பிளெண்டருக்கு மாறினோம். 2002-ல் அதன் மூல நிரலையே எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், காசு வேண்டாம். எஃப்பிஎக்ஸ் கோப்பில் எலும்புகளும் கூடவே வந்தன. மலை சுமார்தான். ஆனால் வரப்புக்குத் தக்கபடி முதுகை வளைத்தேன்.

அப்பா பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா நடையேதான்" என்றார். அப்புறம் ஒன்றும் பேசலை.

நீங்களும் முதலில் எது முக்கியம் என்று முடிவு செய்யுங்க. மென்பொருளை அப்புறம் தேடலாம்!

— 9ஆம் வகுப்பு மாணவி