ஒரு டிஷ், பல அறைகள்

வீட்டுக்கு இரண்டாவது தொலைக்காட்சி வாங்குகிறவர்களில் அநேகர், கூடத்துச் செட்டாப் பாக்ஸிலிருந்தே ஒரு வயரை உள்ளறைக்கு இழுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுகிறார்கள். ஆனால் கூடத்தில் இருப்பவர் எந்தச் சேனலை வைக்கிறாரோ அதையே உள்ளறையில் படுத்திருக்கும் முதியவரும் பார்த்தாக வேண்டும் என்பதை எண்ணும்போது என் மனம் சங்கடப்படுகிறது.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து புறப்படும் அலைகள், கிடைமட்டம், செங்குத்து என்னும் இரு நிலைகளில் மொட்டைமாடி டிஷ்ஷை வந்தடைகின்றன. அவற்றுள் தனக்கு எது வேண்டும் என்பதை, ஒவ்வொரு செட்டாப் பாக்ஸும் கேபிள் வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தம் அனுப்பி, டிஷ்ஷின் முன்னுள்ள எல்.என்.பி. என்னும் அலைவாங்கிக் கருவிக்குத் தெரிவிக்கிறது. ஆகவே, உள்ளறைக்கும் ஒரு பாக்ஸ் வாங்கி, டிஷ்ஷிலிருந்து வரும் ஒரே கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்து இரண்டு பாக்ஸ்களுக்குக் கொடுத்தால், ஏககாலத்தில் இரண்டு எஜமானர்களின் மாறுபட்ட கட்டளைகளுக்கு ஆட்பட்ட ஊழியனைப்போல் எல்.என்.பி. தவிக்க, ஏதேனும் ஓர் அறையில் சில சேனல்கள் மறைந்துபோகும்.

இதற்குப் பரிகாரமாக இன்னொரு டிஷ் தேவையில்லை. இரண்டோ நான்கோ தனித்தனி அவுட்புட் உள்ள எல்.என்.பி. ஒன்றைப் பொருத்தி, ஒவ்வோர் அறைக்கும் தனிக் கேபிளும் தனிப் பாக்ஸும் கொடுப்பதே உசிதம். அறைகள் மிகுந்த இல்லத்துக்கு, ஒரே டிஷ்ஷின் அலைகளைப் பல பாக்ஸ்களுக்குப் பகிர்ந்தளிக்கும் மல்டி ஸ்விட்ச் உதவும். பாக்ஸ்தோறும் சந்தா கட்ட வேண்டுமே என்று தயங்குவோர் கவனிக்க: தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையில் மாதச் சந்தா கிடையாது.

வாழ்நாளெல்லாம் பிறர் விருப்பத்துக்கே விட்டுக்கொடுத்த மூத்தோரின் கையில், அவர்களுக்கே உரிய ஒரு ரிமோட்டைக் கொடுப்பது குடும்பத்தின் கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.