நான்கு நிமிடத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் ஒரு வாக்கியம் உண்டு. "தண்ணியில்லாம வந்தானுங்க." சாவு வீட்டில், கல்யாணப் பந்தியில், தீபாவளிக்கு மறுநாள் எல்லாரும் கூடியிருக்கும்போது யாராவது இதைச் சொல்வார்கள். பெரும்பாலும் என் பெரிய மாமா. அதற்கு அடுத்து அவர் சொல்வதும் எங்களுக்கு மனப்பாடம். "நம்மாளு வீடுன்னா அவ்வளவுதான்."

எனக்கு 8 வயதாக இருந்தபோது தோட்டத்தில் பாட்டியின் லயம் எரிந்தது. ஆறு வாசல் கொண்ட லயம். பலகைச் சுவர், தகரக் கூரை. மூன்றாவது வீட்டு அடுப்பிலிருந்து பிடித்தது. பாட்டியுடையது ஐந்தாவது. பட்டணத்திலிருந்து பொம்பா வண்டி வந்தது. தண்ணீர் பீய்ச்சினார்கள். தீ கொஞ்சம் அடங்குவதுபோல் இருந்தது. பிறகு ஒருவர் "ஆயெர் ஹாபிஸ்" என்று கத்தினார். வண்டி திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் ஆறு வாசலும் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, அம்மாவின் பள்ளிச் சான்றிதழ்கள், தாத்தாவின் ஒரே படம் எல்லாம் சாம்பல்.

இப்போது எனக்கு 28 வயது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு, கட்டடங்களுக்குத் தீத்தடுப்பு அமைப்புகள் வரையும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒரு புதிய தாமான் விஷயமாக அந்தப் பகுதி ஹைட்ரன்டுகளைப் பற்றி விசாரிக்கத்தான் போன வருடம் ஒரு சிறு பட்டணத்துப் பொம்பா நிலையத்துக்குப் போனேன். பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு தமிழர் அன்று பணியில் இருந்தார். நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டார்.

"பாக்கணுமா தம்பி? வாங்க."

பக்கவாட்டு ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். சுருட்டிய குழாய்கள், பித்தளைக் கப்ளிங்குகள், பிராஞ்சுகள், ஜெனரேட்டர், கோடரி, கயிறு. விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் ஹைட்ராலிக் கத்தரி ஒரு தட்டு முழுக்க இடம் பிடித்திருந்தது. தீயைவிட நெடுஞ்சாலைக்குத்தான் அதிகம் போகிறோம் என்றார். பாம்பு பிடிக்கும் கொக்கியும் இருந்தது. இருக்கைகளின் முதுகிலேயே மூச்சுக் கருவிகள் மாட்டியிருந்தன. 300 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று. அது 55 பார் அளவுக்கு இறங்கும்போது விசில் அடிக்கும். "விசில் கேட்டா எது கையில இருந்தாலும் வெளிய வந்துரணும். சில பேருக்கு அதுதான் ரொம்ப கஷ்டம்."

பிறகு தண்ணீர்த் தொட்டியைத் தட்டிக் காட்டினார். 2000 லிட்டர்.

எனக்குக் கணக்குப் போடும் வியாதி உண்டு. ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நான்கரை நிமிடம். இரண்டு குழாய் திறந்தால் இரண்டேகால்.

"அவ்வளவுதானா அங்கிள்?"

"அவ்வளவுதான். இது ஹைட்ரன்ட மாட்டுற வரைக்கும் தாங்குறதுக்கு. ஹைட்ரன்ட் இல்லன்னா நாங்களும் உங்கள மாதிரி நின்னு பாக்க வேண்டியதுதான்."

பெரிய தொட்டி வைத்தால் என்ன என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஏற்கெனவே இரண்டு டன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டி அது. இன்னும் இரண்டு டன் ஏற்றினால் தோட்டத்துச் செம்மண் சாலையையும் பலகைப் பாலத்தையும் தாண்டுமா? ஆற்றில் உறிஞ்சலாமே என்றால் அதற்கும் எல்லை உண்டு. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றினால், வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஏட்டுக் கணக்கில் 10 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் தாண்டுவதே சிரமம். எங்கள் தோட்டத்து ஆறு லயத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, வண்டி இறங்க முடியாத சரிவுக்குக் கீழே ஓடியது. அந்தத் தோட்டத்தில் ஒரு ஹைட்ரன்ட்கூட இருந்ததில்லை.

லயம் எரிந்த கதையை அவரிடம் சொன்னேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டார். யோசித்தார். "ஞாபகம் இல்ல தம்பி. அந்த மாதிரி நெறைய பாத்தாச்சு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு லயம் ஞாபகம் வரவில்லை. ஒரு எண் ஞாபகம் வந்தது.

அதற்குப் பல மாதங்களுக்கு முன் வேறொரு தாமானில் மூன்று ஹைட்ரன்டுகளைச் சோதித்தோம். இரண்டு நன்றாக ஓடின. மூன்றாவதை மூடி வைத்து அழுத்தம் பார்த்தால் சரியாக இருந்தது. திறந்துவிட்டால் தண்ணீர் சோம்பலாக வந்தது. வழியில் எங்கோ அடைப்பு என்பதற்கு இதுவே அடையாளம், முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். ஒப்படைப்புத் தேதி நெருங்கியிருந்தது. "பக்கத்து ரீடிங்கையே போட்ருப்பா, அப்பறமா பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. போட்டேன். கை நடுங்கவில்லை, தூக்கமும் கெடவில்லை. வீடுகள் ஹைட்ரன்டுக்கு 91.5 மீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது கட்டட விதி. வரைபடத்தில் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

மறுநாள் முதலாளியிடம் பேசினேன். "ஆளுங்க குடி வந்தாச்சு, இப்ப போய் ஏன்?" என்றார். அவருக்கும் பிரதி வைத்து, நடந்ததை எழுதி, தண்ணீர் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மூன்று வாரம் அவர் என்னிடம் பேசவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் வந்து தோண்டியபோது நானும் போயிருந்தேன். சாலைக்கடியில் ஒரு வால்வு பாதி மூடியபடி இருந்தது. யாரோ வேலை செய்யும்போது மூடி, முழுதாகத் திறக்க மறந்து, அதன்மேல் தார் போட்டுவிட்டார்கள். திறக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அது அப்படிக் கிடந்தது 11 மாதம். ஹைட்ரன்டில் ஒரு சின்னப் பையன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தான். அந்த 11 மாதத்தில் அங்கே ஒரு வீடு பற்றியிருந்தால் வண்டி நேரத்துக்கு வந்திருக்கும், நான்கு நிமிடம் தண்ணீர் பீய்ச்சியிருக்கும். அப்புறம் அந்தப் பையனின் குடும்பத்திலும் ஒரு வாக்கியம் உண்டாகியிருக்கும். அதில் என் பெயர் இருக்காது.

இந்தத் தீபாவளிக்கு மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். நான் தொட்டிக் கணக்கைச் சொன்னேன். நான்கரை நிமிடம், ஆற்றுச் சரிவு, ஹைட்ரன்ட் இல்லாத தோட்டம். வால்வைப் பற்றியும் சொன்னேன். அம்மா முறுக்குத் தட்டோடு அப்படியே நின்றார். மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப இத்தன வருஷமா யாரத்தான்டா திட்டியிருக்கணும்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தோட்டத்தில் ஒரு குழாய் போட்டிருக்க வேண்டியவர்கள் யார் யார் என்று விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். நிர்வாகம், குழாயைத் தோட்டத்து வாசலோடு நிறுத்தியவர்கள், வரைபடத்தைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட என்னைப்போன்ற ஒருவன். நான்காவது விரலை மடக்குவதற்குள் மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.